டெல்டாவில் இருந்துகொண்டு நிலவின் எரிமலைப் பாறையைப் படிக்க என்ன வழி?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமம். மகள் பிளஸ் டூ, கணிதம்-உயிரியல் குரூப். சந்திரயான்-3 இறங்கியதைப் பார்த்ததிலிருந்து நிலா, செவ்வாயின் எரிமலைப் பாறைகளை ஆராயும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். எங்கள் ஊரில் எவ்வளவு தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான். இந்த வேலையில் உண்மையில் என்ன செய்வார்கள், என்ன படிக்க வேண்டும், இங்கிருந்தே எதையாவது தொடங்க முடியுமா?

பதில்:

தொடங்கலாம். ஆனால் செய்திப் படங்களில் தெரியும் வேலையும் அன்றாடம் நடக்கும் வேலையும் வேறு வேறு. வேற்றுக் கோளின் பாறையை ஆராய்பவருடைய நாட்களில் பெரும்பங்கு பூமியின் பாறையோடுதான் போகிறது. கையில் இருக்கும் வெளிப் பாறை அவ்வளவு குறைவு. 1969 முதல் 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்களில் வந்து சேர்ந்தது 382 கிலோ. சோவியத்தின் லூனா கலங்கள் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது ஏறக்குறைய 300 கிராம். சீனாவின் சாங்-ஈ 5 2020-ல் 1,731 கிராமும், சாங்-ஈ 6 2024-ல் நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராமும் கொண்டுவந்தன. செவ்வாயிலிருந்து எந்தக் கலமும் இதுவரை ஒரு கூழாங்கல்கூட எடுத்து வரவில்லை. அங்கிருந்து சிதறி, தானாக இங்கே வந்து விழுந்த விண்கற்கள்தான் இருக்கின்றன. மற்றதெல்லாம் படங்கள், நிறமாலைகள் (பாறை எந்த அலைநீள ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்ற அளவுகள்), ரோவர் அனுப்பும் எண்கள். அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல வேண்டுமானால், அதே வகைப் பாறை பூமியில் எப்படி உருகுகிறது, உறைகிறது, சிதைகிறது என்பது கைப்பழக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். எனவே மகள் முதலில் படிக்க வேண்டியது பாசால்ட்.

எரிமலைக் குழம்பு மேற்பரப்பில் சீக்கிரமாக ஆறி உறைந்த கருநிறப் பாறைதான் பாசால்ட். அதில் சிலிக்கா 45 முதல் 52 சதவீதம் இருக்கும். பாறைக் கோள் ஒன்றின் மேண்டில், அதாவது மேலோட்டுக்குக் கீழே உள்ள அடுக்கு, கொஞ்சம் உருகினால் பெரும்பாலும் வெளியே வருவது இதுதான். நிலவில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கருந்திட்டுகள், அதாவது அதன் பரப்பில் சுமார் 17 சதவீதம், பாசால்ட் சமவெளிகளே. செவ்வாயின் ஒலிம்பஸ் மான்ஸ் சுமார் 22 கிலோமீட்டர் உயரமும் 600 கிலோமீட்டர் அகலமும் உள்ள எரிமலை. அங்கே நிலத்தட்டுகள் நகர்வதில்லை, ஈர்ப்பும் குறைவு, அதனால் ஒரே இடத்தில் குழம்பு குவிந்துகொண்டே போயிற்று. வெள்ளிக் கோளில் மகெல்லன் கலத்தின் ராடார் 1991-ல் எடுத்த படங்களை மறுபடி ஒப்பிட்டபோது, மாட் மான்ஸ் என்ற மலைப் பகுதியில் ஒரு எரிமலை வாய் எட்டு மாதத்தில் உருமாறியிருந்தது தெரிந்தது. அந்த முடிவு வெளியானது 2023-ல். முப்பது ஆண்டு பழைய தரவில் புது விஷயம் கிடைப்பது இந்தத் துறையில் சாதாரணம். புதிய கலம் ஏவப்பட்டால்தான் வேலை என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இனி பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். டெல்டாவில் மேலே ஆற்று வண்டல், அதன் கீழே ஓ.என்.ஜி.சி. துளைபோடும் ஆழமான கடல் படிவுகள். பாறை பார்க்க மேற்கே திருச்சிக்குப் போக வேண்டும். ஆனால் மலைக்கோட்டைப் பாறையும் எரிமலைப் பாறை அல்ல, பூமியின் ஆழத்தில் உருவானது. திருவண்ணாமலை அணைந்துபோன எரிமலை என்று அடிக்கடி எழுதுகிறார்கள், அதுவும் சரியில்லை. அந்த மலையும் ஆழத்தில் உருவாகி, மேலே இருந்தது அரிக்கப்பட்டு வெளித்தெரியும் பழைய பாறைதான். வீடு கட்ட இறக்கும் ஜல்லி நம் பக்கம் பெரும்பாலும் சார்னோக்கைட் அல்லது நைஸ் (gneiss), இரண்டும் ஆழத்தில் உருவான பாறைகள். புனே, மும்பைப் பக்கம் போனால்தான் ஜல்லியே பாசால்ட்.

ஆனால் பாசால்ட்டின் உடன்பிறப்பு ஒன்று டெல்டா வீடுகளின் சமையல் மேடையிலேயே இருக்கலாம். 'பிளாக் கிரானைட்' என்று விற்கும் பலகைகள் பலவும் கிரானைட் அல்ல, டோலரைட் அல்லது காப்ரோ. வேதியியலில் பாசால்ட் மாதிரியே இருக்கும், ஆனால் நிலத்துக்கு அடியில் மெதுவாக ஆறியதால் படிகங்கள் பெரிது. பாலிஷ் போட்ட பரப்பைத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, 10 மடங்கு கைலென்ஸில் பாருங்கள். குச்சி குச்சியாகச் சாம்பல் நிறத்தில் தெரிவது பிளேஜியோகிளேஸ் என்ற கனிமம், அவற்றின் இடையை நிரப்பும் கருப்பு பெரும்பாலும் பைராக்சீன் என்ற கனிமம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகினால் முதல் செமஸ்டரில் பாதிக் கஷ்டம் குறையும். தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இதே டோலரைட் நீண்ட சுவர்கள்போலப் பழைய பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதைக் களத்திலும் பார்க்கலாம்.

நிலவின் வெளுத்த மேட்டுநிலங்களுக்கு வேறொரு பாறை வேண்டும், பெரும்பகுதி பிளேஜியோகிளேஸால் ஆன அனார்த்தோசைட். அது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. நிலவின் மேட்டுநில மண்ணுக்கு ஒத்திருப்பதால் அந்தப் பாறையை அரைத்துத்தான் தரையிறங்கு கலத்தையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோ மண் தயாரித்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய பிறகு பிரக்யான் ரோவரின் எக்ஸ்ரே கருவி 23 அளவீடுகள் எடுத்தது. அங்கேயும் அனார்த்தோசைட்டை ஒத்த கலவைதான் தெரிந்தது. தொடக்கத்தில் நிலா முழுக்க உருகிய குழம்பாக இருந்து, இலேசான பிளேஜியோகிளேஸ் மேலே மிதந்து மேலோடு ஆயிற்று என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது. மன்னார்குடியிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரத்தில் இப்படியொரு பாறை இருக்கிறது.

சரியான பாசால்ட் களம் என்றால் தக்காணப் பாறைதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, இன்று எஞ்சியிருக்கும் பரப்பு ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாபலேஷ்வரிலிருந்து போலாத்பூர் இறங்கும் அம்பேனளி மலைப்பாதையில் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த அடுக்குகள், ஓட்டத்தின் மேல் ஓட்டமாகத் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்திலும் மேல்பகுதி வாயுக்குமிழ்த் துளைகளோடு இருக்கும், நடு இறுக்கமாக இருக்கும், இரண்டு ஓட்டங்களுக்கு இடையே சில இடங்களில் செங்கல் நிறத்தில் மண் அடுக்கு இருக்கும். மாதிரி எடுப்பது நடுப்பகுதியிலிருந்து. துளை நிரம்ப வெள்ளை ஜியோலைட் கனிமம் இருந்தால் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் ஊடுருவிய நீர் கொண்டுவந்து வைத்தது அது. வெளித்தோல் ஒன்றிரண்டு சென்டிமீட்டரை உடைத்துத் தள்ளி, உள்ளே கரும்சாம்பல் நிறத்தில் உள்ள புதுப்பாறையாக 1 முதல் 2 கிலோ எடுக்க வேண்டும். பாசால்ட்டில் இருக்கும் இளம்பச்சைக் கனிமமான ஆலிவினின் படிகம் செம்பழுப்பாக மாறியிருந்தால் அந்தக் கல் சிதையத் தொடங்கிவிட்டது.

பை மேல் எழுதிய எண்ணைப் பாறை மேலும் எழுதவும். உள்ளே போடும் காகிதச் சீட்டு நனைந்து கூழாகிவிடும், பிறகு எந்தக் கல் எந்த ஓட்டம் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் சுத்தியலை எடுக்கக் கூடாது, பாசால்ட் சில்லு கண்ணாடித் துண்டு மாதிரிப் பறக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வேலைக்குத் தோதான காலம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி வேண்டும், பாதுகாக்கப்பட்ட நிலவியல் சின்னங்களில் சுத்தியலே கூடாது. புல்தானா மாவட்டத்து லோணார் பள்ளம் அப்படிப்பட்ட இடம். 1.8 கிலோமீட்டர் விட்டம், பாசால்ட்டில் விண்கல் மோதி உண்டானது. உலகில் பாசால்ட்டில் நன்றாக நிலைத்திருக்கும் மோதல் பள்ளங்கள் மிகச் சில என்பதால் செவ்வாய் ஆராய்ச்சியாளர்களும் அங்கே வருகிறார்கள்.

களத்தில் பத்து நாள் என்றால் அதைத் தொடர்ந்து ஆய்வகத்தில் பல மாதம். முதல் வேலை தின் செக்‌ஷன்: பாறைச் சில்லை எபாக்ஸியால் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கார்பரண்டம் பொடியில் கரட்டுப் பொடியிலிருந்து நுண்பொடிக்குப் படிப்படியாகத் தேய்த்து 30 மைக்ரானுக்குக் கொண்டுவருவது. அளவைக் கண்ணால்தான் சோதிப்பார்கள். வழக்கமாகக் குவார்ட்ஸை வைத்துப் பார்ப்பார்கள், ஆனால் பாசால்ட்டில் அது அநேகமாகக் கிடையாது. அதனால் மைக்ரோஸ்கோப்பில் குறுக்கு முனைவாக்க ஒளியில், அதாவது ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு முனைவாக்க வடிகட்டிகளுக்கு இடையே வைத்து, பிளேஜியோகிளேஸைப் பார்க்க வேண்டும். சாம்பல்-வெள்ளையாக இருந்தால் சரி, நன்றாக மஞ்சள் அடித்தால் தகடு இன்னும் தடிமன். ஒரு ஓரம் மஞ்சள், மறு ஓரம் சாம்பல் என்றால் தேய்த்தவர் கை ஒரு பக்கம் அழுத்தியிருக்கிறது. எபாக்ஸியில் காற்றுக்குமிழ் மாட்டினால் அந்த இடத்தில் படிகங்கள் பெயர்ந்துவிடும்.

படிகங்களின் வேதியியலுக்கு எலெக்ட்ரான் மைக்ரோபுரோப், அதாவது எலெக்ட்ரான் கற்றையைப் படிகத்தின் ஒரு புள்ளியில் பாய்ச்சி அங்குள்ள தனிமங்களை அளக்கும் கருவி. அதற்கு மேல்மூடித் தகடு ஒட்டாமல், வைரப் பசையில் 1 மைக்ரான் வரை பாலிஷ் செய்து, கார்பன் பூச்சு கொடுக்க வேண்டும். 15 கிலோவோல்ட், 20 நானோஆம்பியர் என்பது வழக்கமான அமைப்பு. இதில் புதியவர்கள் தவறாமல் இடறும் இடம் சோடியம். குறுகிய கற்றையின் சூட்டில் பிளேஜியோகிளேஸிலிருந்து சோடியம் நகர்ந்துபோய், அளவு குறைவாகக் காட்டும். கற்றையை 5 முதல் 10 மைக்ரான் வரை விரித்து, சோடியத்தை முதலில் அளக்க வேண்டும். கிடைத்த எண் நம்பத்தக்கதா என்று பார்க்கக் கணக்கு ஒன்று உண்டு: ஆலிவினை 4 ஆக்சிஜனுக்குக் கணித்தால் நேர்மின் அயனிகள் 3 வர வேண்டும், பைராக்சீனில் 6-க்கு 4, பிளேஜியோகிளேஸில் 8-க்கு 5. மொத்தச் சதவீதம் 98.5-க்கும் 101-க்கும் வெளியே போனால் அந்தப் புள்ளியைத் தூக்கிப் போடலாம். மென்பொருள் இதை நிறம் காட்டிச் சொல்லும் என்றாலும் கையால் போட்டுப் பழகியவர்தான் பிழையைச் சீக்கிரம் பிடிக்கிறார்.

முழுப் பாறையின் வேதியியலுக்குக் கல்லைப் பொடியாக்க வேண்டும். அரைக்கும் சாதனமே மாதிரியைக் கெடுக்கும். டங்ஸ்டன் கார்பைடு மில்லில் அரைத்தால் டங்ஸ்டன், கோபால்ட், டான்டலம் ஒட்டும், எஃகில் இரும்பும் குரோமியமும். நுண்தனிமங்கள் வேண்டுமானால் அகேட் மில். பிறகு 1,000 டிகிரியில் சுட்டு எவ்வளவு எடை போகிறது என்று பார்ப்பார்கள். இழப்பு 2, 3 சதவீதத்தைத் தாண்டினால் பாறையில் நீர் புகுந்து களிமண் கனிமங்கள் உண்டாகியிருக்கும். அந்தக் கல்லின் பொட்டாசியம், ருபிடியம், பேரியம் எண்களை வைத்து வாதம் செய்யக் கூடாது. டைட்டானியம், சிர்கோனியம், நியோபியம் போன்ற நகராத தனிமங்கள்தான் அப்போது கைகொடுக்கும்.

நிலவின் பாசால்ட்டை இதன் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரிகிறது. அதில் நீரேறிய கனிமம் அநேகமாகக் கிடையாது. களிமண்ணோ துருவோ இல்லை. 350 கோடி ஆண்டுப் பாறையும் நேற்று உறைந்ததுபோல் பளிச்சென்று இருக்கும். இரும்பு ஆக்சைடு சுமார் 20 சதவீதத்தை எட்டும், பூமியில் 10, 12 என்பதே வழக்கம். டைட்டானியம் ஆக்சைடு 1 சதவீதத்துக்கும் கீழே தொடங்கி 13 வரை போகும், பெரும்பகுதி இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியம் கனிமமாக. பிளேஜியோகிளேஸில் சோடியம் மிகக் குறைவு, உலோக இரும்புத் துணுக்குகளும் உண்டு. செவ்வாய்ப் பாறையிலும் இரும்பு அதிகம். அதைப் பற்றித் தெரிந்ததற்கு நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் சுமார் 5 கிலோ எடையுள்ள விண்கல் விழுந்தது. அதன் பெயரால்தான் செவ்வாய் விண்கற்களில் ஒரு பெரிய வகைக்கே ஷெர்கோட்டைட் என்று பெயர். மோதலின் அதிர்ச்சியில் பிளேஜியோகிளேஸ் உருவம் கெடாமல் கண்ணாடியாக மாறும் மாஸ்கலைனைட்டை முதலில் விவரித்ததும் அந்தக் கல்லில்தான், 1872-ல். இவை செவ்வாயிலிருந்து வந்தவை என்பது உறுதியானது வெகு காலம் கழித்து. இதே குடும்பத்து அண்டார்டிகா விண்கல் ஒன்றின் கண்ணாடிக்குள் சிக்கிய வாயு, 1976-ல் வைக்கிங் கலங்கள் அளந்த செவ்வாய்க் காற்றோடு ஒத்துப்போனது.

கையில் கல் இல்லாத இடத்துக்கு நிறமாலை. பைராக்சீன் 1, 2 மைக்ரான் அலைநீளங்களுக்கு அருகில் ஒளியை விழுங்கும். ஆலிவின் 1 மைக்ரானில் மட்டும் நிறமாலைக் கோட்டில் அகன்ற பள்ளம் காட்டும். பிளேஜியோகிளேஸ் 1.25-ல். நிலவின் மேல்மண் சூரியக் காற்றிலும் நுண்கல் மோதலிலும் கருத்து, இந்தப் பள்ளங்களை மழுக்கிவிடும். அதனால் சமவெளியின் நடுவில் அளக்காமல் விண்கல் மோதிய புதிய சிறு பள்ளங்களின் விளிம்பில் அளப்பார்கள்.

பரப்பின் வயதுக்கு மோதல் பள்ளங்களை எண்ணுவது. பரப்பு பழையதானால் பள்ளம் அதிகம். ஒரு பெரிய மோதலில் தெறித்த கற்கள் சங்கிலி சங்கிலியாகப் போடும் இரண்டாம் நிலைப் பள்ளங்களையும் சேர்த்து எண்ணிவிட்டால் வயது பொய்யாகக் கூடிவிடும். சூரியன் உச்சியில் இருக்கும்போது எடுத்த படத்தில் ஆழமில்லாத பள்ளம் தெரியாது, வயது குறைந்துபோகும். இந்த முறைக்கு ஆணிவேர் அப்பல்லோ கற்களின் வயது. அவற்றில் 310 கோடி ஆண்டுக்கும் 100 கோடிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. சாங்-ஈ 5 கொண்டுவந்த 200 கோடி ஆண்டு பாசால்ட் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தது.

படம் எடுக்கப் பணம் வேண்டாம். சந்திரயான்-2 தரவு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவு செய்தவர்களுக்கு இலவசம். அதன் உயர்தெளிவுக் கேமரா 100 கிலோமீட்டர் மேலிருந்து 25 சென்டிமீட்டர் வரை பிரித்துக் காட்டும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இலவசம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மென்பொருள் தானாகப் பூமியின் அளவையே எடுத்துக்கொள்ளும். நிலவின் ஆரம் 1,737.4 கிலோமீட்டர் என்று மாற்றாவிட்டால் நீளம் சுமார் 3.7 மடங்கும் பரப்பு 13 மடங்குக்கு மேலும் பெருத்துவிடும். மாணவர் அறிக்கைகளில் இந்தத் தவறு சர்வசாதாரணம்.

ஊரிலேயே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன், இதில் டெல்டாப் பிள்ளைக்குத்தான் வசதி. நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் 2021-ல் செவ்வாயில் இறங்கிய ஜெசெரோ பள்ளத்தில் இருப்பது ஒரு பழைய ஆற்று டெல்டா. ஏரிப் படிவு இருக்கும் என்று எதிர்பார்த்த அதன் தரையில் எரிமலைக் குழம்பிலிருந்து உறைந்த, ஆலிவின் நிறைந்த பாறை கிடைத்தது. ஆறு எதைச் சுமந்து வந்தது, எந்தப் பாறையிலிருந்து என்று மணலைப் பார்த்துச் சொல்வது அங்கே அன்றாட வேலை. கொள்ளிடத்து மணல் ஒரு கைப்பிடி எடுத்து, தட்டில் நீர் விட்டு அரிசி களைவதுபோல் சுழற்றினால் கனமான கருமணல் தங்கும். காயவைத்து, காகிதம் சுற்றிய காந்தத்தால் இழுத்தால் மேக்னடைட் ஒட்டிக்கொள்ளும். மீதியில் இளஞ்சிவப்பு கார்னெட், கருப்பில் ஹார்ன்பிளெண்டும் இல்மனைட்டும் இருக்கும். ஆலிவின் தேடினால் கிடைக்காது. காவிரி பாயும் நிலம் நைஸ், சார்னோக்கைட். தக்காண பாசால்ட் மீது ஓடுவது கோதாவரியும் கிருஷ்ணாவும். தவிர, ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் ஆலிவின் சீக்கிரம் கரைந்துபோகும். செவ்வாய் மணலில் அது மிஞ்சியிருக்கிறது என்றால் அங்கே நீர் நெடுங்காலம் அதைத் தொடவில்லை என்று பொருள்.

படிப்பு: பி.எஸ்சி. ஜியாலஜி. கவுன்சலிங்கில் ஜியாகிரபியோடு குழப்பிக்கொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு, பாடமே வேறு. டெல்டாவுக்கு அருகில் திருச்சி நேஷனல் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். தள்ளி என்றால் சென்னை மாநிலக் கல்லூரி. கணிதம் இருப்பதால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாக ஐ.ஐ.டி. கரக்பூர், ரூர்க்கி, தன்பாத்தின் நிலவியல் படிப்புகளுக்கும், ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வுக்கும் முயலலாம். பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அறிவியல் பட்டம் படித்தால் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். பிறகு ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு, அதன்பின் கேட் அல்லது சி.எஸ்.ஐ.ஆர். நெட். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும், இரண்டாண்டுக்குப் பின் 42,000. அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில்தான் பிரக்யானின் எக்ஸ்ரே கருவி உருவானது, இந்தத் துறைக்கு நாட்டின் முதல் முகவரி அதுவே. இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் அதே ஊரில்.

முனைவர் பட்டம் முடிய 27, 28 வயதாகும், அதற்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு தற்காலிக ஆராய்ச்சிப் பணி. நிரந்தர இடங்கள் குறைவு, இதை மறைத்துப் பயனில்லை. ஆனால் எம்.எஸ்சி. ஜியாலஜி இருந்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குப் போகலாம். சுரங்கம், நிலத்தடி நீர், எண்ணெய் நிறுவனங்களும் இருக்கின்றன. கோள்களே குறி என்பவரும் மைக்ரோஸ்கோப்பையும் மைக்ரோபுரோப்பையும் நன்றாகப் பழகிவிட்டால் பிழைப்புக்குப் பயமில்லை. மேப்புக்கு நிறம் தீட்ட மட்டும் கற்று, ஒரு தின் செக்‌ஷன்கூடப் பார்க்காமல் செவ்வாய்க்குத் தாவியவர்களுக்குத்தான் இரண்டு பக்கமும் கதவு சாத்திவிடுகிறது.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் வேலை, கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பரில் வரும். விண்ணப்பத்தில் 'சிறு வயதிலிருந்தே விண்வெளி ஆர்வம்' என்று எழுதாமல், கொள்ளிட மணலில் என்னென்ன கனிமம் பார்த்தேன், எப்படிப் பிரித்தேன், எதை அடையாளம் காண முடியவில்லை என்று ஒரு பத்தி எழுதட்டும். தேர்வு செய்கிறவர் நின்று படிப்பது அந்தப் பத்தியைத்தான்.